கோழி வரிசையில் அப்பாவும் அம்மாவும்

சியென்ஃபுவேகோஸ்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள யானெலிஸ் அக்காவுக்கு,

மைடெலின் எழுதுகிறேன். மொண்டேவிடியோவில் குளிர் கடிக்கிறது என்று சொன்னாயே, காலுக்கு உறை போட்டுத் தூங்கு. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. போன வாரம்வரை அது பொய்யாக இருந்திருக்கும். இன்று பாதி நிஜம். அந்தப் பாதியை உனக்குச் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை.

நான் கையால் எழுதியதைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வரும். காலையிலிருந்து கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடக்கிறது. அதோடு போனில் தட்டினால் அம்மா படித்துவிடுவார். கீழ்வீட்டு ஒரெஸ்தெஸ் அண்ணன் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அவர் பையில் இது வரும். கூடவே அம்மா கொடுத்த கொய்யா அல்வாவும் வரும், அவர் வழியில் தின்னாமல் இருந்தால்.

அக்கா, உனக்கு முழுசாகச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு அப்பாவும் அம்மாவும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். 'அவள் போனதற்கு நீதான் காரணம்' என்று அப்பா, 'இல்லை, நீங்கள்தான்' என்று அம்மா. அதன்பிறகு எல்லாம் என் வழியாகத்தான். 'தண்ணி வந்திருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.' 'நான் காது கேக்காதவன் இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.' இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நிற்பார்கள். உனக்குத் தெரியாதது இதுதான்: பிரிந்துவிடுவது என்று முடிவு செய்து ஊருக்கே சொல்லிவிட்டார்கள். வேறு வீட்டுக்கு எங்கே போவது? மேல்மாடி ஐடாவும் அவள் முன்னாள் புருஷனும் செய்த மாதிரி, வீட்டுக்கு நடுவில் பலகை அடித்துவிடலாம் என்று பேச்சு. அப்பா எங்கிருந்தோ பலகை கொண்டுவந்து கூடத்துச் சுவரில் சாய்த்தும் வைத்துவிட்டார். இந்த ஞாயிறு, அதாவது இன்று, அடிப்பதாக இருந்தது. அதற்கு முன்பே அடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம் ஜன்னல். கூடத்தில் இருப்பது ஒரே ஜன்னல். அது தன் பக்கம்தான் வர வேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

நான் என்ன செய்வேன், சொல். எனக்குத் தெரிந்தது சினிமா மட்டும்தான்.

நான் உனக்கு விடாமல் குரல் செய்தி அனுப்பி உயிரை எடுப்பேனே, அந்த மெக்சிகோ படம், கல்யாண நாளைக்குச் சாப்பிடப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்கு வந்த வாடகை வண்டி என்று நினைத்துச் சாவு வீட்டு வண்டியில் ஏறிவிடுகிற படம், அது நம் ஊர் பிராடோ தெரு சினிமாவுக்கு வந்தது. பெரிய திரையில். போனில் நான் நடத்துகிற சினிமா பக்கத்தில் அதைப் பற்றி எத்தனை முறை எழுதியிருப்பேன். சாவு வீட்டில் அவர்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்து, இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். ஆள் யாரென்றே தெரியாத அந்தப் புருஷன், தனக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே ஆளைப் பற்றிப் பேசுவான். பக்கத்தில் நிற்கிற தன் பெண்டாட்டியைப் பற்றி. சாவு வீடே 'அப்படியே அவர்தான்' என்று அழும். நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்து, பிறகு தலையணையை நனைத்த காட்சி அது. அதை மட்டும் இவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் போதும், பலகையை எடுத்து அடுப்பில் வைத்துவிடுவார்கள் என்று என் மூளை சொன்னது.

அம்மாவிடம், சனிக்கிழமை சாயங்காலம் நாம் இருவரும் படத்துக்குப் போகலாம் என்றேன். அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். இருவரிடமும் தனித்தனியாக டிக்கெட்டைக் கொடுத்து, சீட்டுக் காட்டுகிற வரிசையில் இடம் பிடித்து நில்லுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, எதிர் நடைபாதைத் தூணுக்குப் பின்னால் கடலைக்காரர் பக்கத்தில் ஒளிந்துகொண்டேன்.

அப்பா முதலில் வந்தார். சட்டை தேய்த்திருந்தார், அக்கா. நம் ஊர் வரிசை எப்படி இருக்கும் என்று நீ மறந்திருக்க மாட்டாய். யார் வரிசையாக நிற்கிறார்கள்? ஒருத்தர் படியில், ஒருத்தர் நிழலில், ஒருத்தர் தெரு தாண்டி. வந்தவுடன் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அப்பாவும் அதையே கேட்டார்: யாருங்க கடைசி? கத்திரிப்பூச் சட்டை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினார். அப்பா அவருக்குப் பின்னால் என்று மனதில் குறித்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்துவிட்டார். எதற்கான வரிசை என்று கேட்கவில்லை. இங்கே அதை யார் கேட்கிறார்கள்?

சினிமாவை ஒட்டி இருக்கிற கடைக்கு அன்று மத்தியானம் கோழி வந்திருந்தது. இது எனக்கும் தெரியாது. தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கப் பார்க்க, ஆட்கள் பையோடு வெளியே வருவதைக் கண்டபோதுதான் அப்பா இடம் பிடித்தது கோழி வரிசையில் என்று புரிந்தது.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். அந்த நீலக் கவுன், உன் பதினைந்தாவது பிறந்தநாளுக்குத் தைத்தது. கூட்டத்தைப் பார்த்தார், குரலை உயர்த்திப் பொதுவாகக் கேட்டார்.

"யாருங்க கடைசி?"

அக்கா, இந்த ஊரில் நீ யாரோடும் பேசாமல் இருக்கலாம். பெற்ற தாயோடுகூடச் சண்டை போடலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு, கடைசி ஆளாக இருந்துகொண்டு பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? கூட்டமே திரும்பி அப்பாவைப் பார்த்தது. அப்பா தரையைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"நான்தாங்க."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, யோசித்துப் பார். அதிலும் ஒரு 'ங்க'. அம்மாவும் சளைக்கவில்லை. முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டுமே, முன்னால் இருப்பவர் போய்விட்டால் வரிசை அறுந்துவிடுமே. நீங்க யாருக்குப் பின்னாடி என்று, அறியாத ஆளிடம் கேட்பது போலவே கேட்டார். அப்பா கத்திரிப்பூச் சட்டையைக் காட்டினார். அந்தப் பெண் பெயர் சொராய்டா. அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்குத்தான் அறிமுகமா?" என்றார். அம்மா, இல்லை, பழக்கம்தான் என்றார். அப்பா இருமினார்.

ஐந்து மணி ஆயிற்று. சினிமாவுக்குள் மணி அடித்தது. நான் தூணைப் பிறாண்டிக்கொண்டு நின்றேன். போய்ச் சொன்னால் என் குட்டு உடையும். சொல்லாவிட்டால் படம் போகும். ஆனால் பார், அப்பா திண்டில் நகர்ந்து இடம் விட்டார். அம்மா ஒரு கைப்பை அளவு இடைவெளி விட்டு உட்கார்ந்தார். அவள் வரமாட்டாள், நம்மை முட்டாளாக்கிவிட்டாள் என்று அப்பா சொன்னதும், உங்க பொண்ணுதானே என்று அம்மா சொன்னதும் காற்றில் வந்தது. அதற்குமேல் நான் அசையவில்லை. படம் போனால் போகட்டும் என்று நான் நினைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர்கள் முறை வந்தபோது தெருவைத் தாண்டிப் போய்க் கடைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பா நேராகக் கல்லாவுக்குப் போய்க் கையிலிருந்த டிக்கெட்டை நீட்டினார். கடைக்காரப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க கோழிக்கால்தான் இருக்கு. நடிக்கிற கோழி பக்கத்துல."

கடையே சிரித்தது. அப்பாவின் காது சிவந்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு, அக்கா. அம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இவ்வளவு நேரம் நின்றாயிற்று, கோழியை விடுவார்களா? இருவரும் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலம்தான் சட்டம். அவள் இரண்டு அட்டையையும் பார்த்தாள். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாள், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"விலாசம் ஒண்ணு. ஒண்ணா இருக்கீங்களா, பிரிஞ்சவங்களா? பிரிஞ்சவங்கன்னா ஆளுக்கு ஒண்ணு."

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள்தானே. ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பொட்டலம். முன்னாலேயே வாங்கிவிட்டு ஓரமாக நின்ற சொராய்டா, பிரிஞ்சாச்சுன்னு சொல்லுய்யா, வாய் என்ன தேய்ஞ்சா போயிடும் என்று அதட்டினார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்த மனுஷன் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், சரி என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

"ஒண்ணாத்தான்," என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம், "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க, பையைப் பிடிங்க."

சொராய்டா தலையில் அடித்துக்கொண்டார்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். வெளியே வந்தபோது சினிமாவுக்குள் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. அம்மா நின்றார். டிக்கெட் இருக்கே என்றார். வாசல்காரர் என் சிநேகிதர், ஆனால் உறைந்த கோழியோடு யாரையும் உள்ளே விட்டதில்லையாம். இருக்கையில் சொட்டக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார். நானும் பின்னாலேயே நுழைந்து கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்தேன். திரையில் சாவு வீடு. சரியான நேரம். அப்பா பக்கத்து ஆளிடம் செத்தது யார் என்று கேட்க, அது யாருக்கும் தெரியாது, அதுதான் படமே என்று பதில் வந்தது. புருஷன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

கரண்ட் போயிற்று.

உனக்குத் தெரியும், இங்கே போனால் போனதுதான். அரங்கமே முனகியது. யாரோ, அவன் என்ன சொன்னான்னு தெரியாம நான் எப்படித் தூங்குவேன் என்று கத்தினார். அக்கா, என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, நான் சொல்றேன் என்றேன்.

அந்த வசனம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆனால் அந்த இருட்டில், அவர்கள் எங்கோ முன்னால் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வாய் தானாகப் பேசியது. அவள் காபிக் கோப்பையைக் கவிழ்த்துத்தான் வைப்பாள், எறும்பு ஏறிவிடும் என்று. தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால் பாடுவாள். கோபம் வந்தால் துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். குரல் உள்ளே போய்விட்டது.

முன்னால் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "சத்தமா சொல்லு. உங்கம்மாவுக்குக் கேக்கல."

சொன்னேன். கரண்ட் போகிற ராத்திரிகளில் அவனை ஜன்னல் பக்கம் படுக்கவிட்டுவிட்டு, அவள் சுவர் பக்கம் படுத்து வேர்த்து வழிவாள், கேட்டால் எனக்குக் குளிருது என்பாள் என்றேன். அது படத்தில் இல்லை. உனக்குத் தெரியும் அது எங்கே இருந்தது என்று. கோழி மட்டும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மொத்தப் பேரும் கைதட்டினார்கள், படத்தின் கதாசிரியர் பெரிய ஆள் என்று ஒருத்தர் சொன்னார்.

வெளியே வந்து என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அம்மா என் காதைத் திருகினார், அவ்வளவுதான். குதிரை வண்டிக்காரர் ஒழுகுகிற கோழியை ஏற்றமாட்டேன் என்றார், நடந்தோம். வீட்டிலும் கரண்ட் இல்லை, கோழி இனித் தாங்காது. மாடியில் கரி அடுப்பு மூட்டி முழுவதையும் சமைத்தார் அம்மா. அப்பா அட்டையால் விசிறினார். கொஞ்சம் வேகமா என்று அம்மா சொன்னது அவரிடம் நேராக. நான் நடுவில் இல்லை. ஐடாவுக்கும் அவள் முன்னாள் புருஷனுக்கும் ஒரு தட்டு போயிற்று. அவர்கள் அதைப் பலகைக்கு மேலாகக் கை மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்று காலையில்கூடச் சர்க்கரை டப்பாவுக்காக ஒரு முறைப்பு நடந்தது. பலகை இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் காபி குடித்துவிட்டு அப்பா அதன்மேல் பென்சில் வைத்து அளந்துகொண்டிருந்தார். சரி, அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிராமல் என்னிடம், யானெலிஸ் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கேட்டார். எதற்கு என்றேன். கட்டில் சின்னதாகப் போய்விடக் கூடாதே என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார், அவள் காலை நீட்டித்தான் தூங்குவாள், ஒரு சாண் கூடவே வையுங்கள், ஜன்னல் பக்கம் போடுங்கள் என்று.

அதனால் அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ வாராவாரம் அம்மாவை ஒரு நேரம், அப்பாவை ஒரு நேரம் என்று கூப்பிடுகிறாயே, பாவம், யார் மனமும் கோணாமல் இருக்கத்தான், தெரியும். இனி அப்படி வேண்டாம். வீட்டுக்கு என்று ஒரே தடவை கூப்பிடு. யார் எடுத்தாலும் மற்றவரிடம் கொடுக்கச் சொல்லாதே, இருவரும் பக்கத்தில்தான் இருப்பார்கள். வரும் தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை, உயரத்தையாவது சொல். அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காத்திருக்கிறார்.

கன்னித்தாய் உன்னை நல்ல கூட்டத்தில் வைக்கட்டும். எங்கே போனாலும் கடைசி யார் என்று கேட்டு நில். உனக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம்.

உன் தங்கை,
மைடெலின்