இரண்டாவது ரத்த ரிப்போர்ட்

அக். 6, திங்கள்

மேகமூட்டம். புழுக்கம். காலையில் வழக்கம்போல் தீயணைப்பு நிலையத்துக்கு போன். டூட்டியில் மாரியப்பன். நிருபர் வேலையில் பல வருடமாக என் கேள்வி ஒன்றுதான்: "ஏதும் உண்டுமா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஒரு நாளாச்சும் நிம்மதியா டீ குடிக்க விடுறீகளா?"

நல்லது.

மாலை டாக்டரம்மா. சர்க்கரையோடு சேர்த்து எழுதிக்கொடுத்த சோதனைகள் வந்துவிட்டன. கெட்ட கொழுப்பு எல்.டி.எல். அதிகம். ரத்தக்குழாயைக் கெடுக்கும் ஹோமோசிஸ்டீன் அதிகம். உள்வீக்கம் காட்டும் சி.ஆர்.பி. அதிகம். இப்படி இருந்தால் கழுத்து ரத்தக்குழாய் தடித்து இறுகியிருக்கலாமாம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். முகம் மாறியது.

"கை மரத்துச்சா? கண்ணு மறைச்சுச்சா? பேச்சு குழறுச்சா?"

"இல்லை." அவர் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அதிகாரிகள் மறுப்பு தரும் வேகம்.

சனிக்கிழமை திருத்தங்கல் அச்சகத்தில் பேனா நழுவியதும், வலது கை கொஞ்ச நேரம் என்னுடையதாக இல்லாததும் இந்த நோட்டுக்கு மட்டும். சொன்னால் மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். தீபாவளி சீசன், பட்டாசு ஆலைகள் அதிகம் வெடிக்கும் மாதம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த மாதத்தில் சிவகாசி வட்டாரத்தைத் தாண்டியதில்லை. மச்சான் கல்யாணத்துக்குக்கூட.

அக். 7, செவ்வாய்

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி போடுவதில்லை. இன்னொருவர் உறுதி செய்ய வேண்டும். எனவே சிவகாசியில் வேறு லேப். மறுபடி ரத்தம்.

வரும் வழியில் விஸ்வநத்தம். பட்டாசு ஆலை வாசலில் பெண்கள் உள்ளே போகும் முன் செம்புத் தகட்டைத் தொட்டார்கள். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க. ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, இங்கனயே சுத்துறீக? எப்ப வெடிக்கும்னு பாக்க வந்தீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வாங்க வேண்டியவை: டீத்தூள், பேனா ரீபில், மனைவி செல்விக்குத் தலைவலித் தைலம்.

தைலம் மறந்துவிட்டது.

அக். 8, புதன்

தூறல். சிவகாசி ரிப்போர்ட் வந்தது. சி.ஆர்.பி. சரியான அளவு! மற்ற இரண்டும் முதல் ரிப்போர்ட்டைவிடச் சற்றுக் குறைவு. மறுப்பு கிடைத்த சந்தோஷத்தில் டாக்டரம்மாவிடம் போனேன். செல்வியும் கூடவே வந்தாள். தடுக்க முடியவில்லை.

டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார். "சார், சி.ஆர்.பி. சளி பிடிச்சாலே ஏறும். அப்புறம் இறங்கும். ரத்தம் 'நடக்கலாம்'னுதான் சொல்லும். நடந்துருச்சான்னு ஸ்கேன்ல பாக்கணும். சம்பவ இடத்துக்குப் போகாமலா நீங்க செய்தி எழுதுவீங்க?"

படுத்துக் கழுத்தைக் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கக் குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு. இடது குழாய் அடைத்தால் வலது கைதான் போகுமாம். மறுபடி அதே கேள்வி. வாயைத் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெளம டம்ளரக் கீழ போட்டாக டாக்டர். கேட்டா வழுக்கிருச்சுன்னாக. எனக்குத் தெரியாதாக்கும்?"

டம்ளர் விழுந்ததை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இன்றே மதுரை என்றார் டாக்டரம்மா.

அக். 9, வியாழன்

மதுரை ஆஸ்பத்திரி. நல்ல மழை. ஜன்னலைத் திறக்க முடியாது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. நாளை கழுத்தில் ஆபரேஷன். பேனா பிடிக்க வருகிறது, எழுத்துதான் கோணல். காலையில் நிலையத்துக்கு போன் செய்யவில்லை. செல்வி போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அது அடித்தது. மாரியப்பன். அவனாக என்னை அழைத்தால் ஒரே அர்த்தம்தான்: எங்கோ ஆலை வெடித்திருக்கிறது. பிடுங்கினேன்.

"எங்கன? வெம்பக்கோட்டையா?"

"எங்கனயும் இல்லண்ணே. காலைல ஒங்க போன் வரல. அதான்... ஏதும் உண்டுமா?"

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்டு" என்றேன்.