வெளியே படி வைத்த வீடு

அத்தை,

இன்று அந்த டேப்லெட்டின் உறையைக் கழற்றியதும் தைல வாசனை அடித்தது. உங்களுக்குக் கட்டை விரல் மூட்டில் வலி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, அதே விரலால் விளையாட உட்காருவீர்கள். "கண்ணாடியெல்லாம் பிசுபிசுன்னு ஆகுது அத்தை" என்றால், "தொடச்சிக்கலாம் போ" என்பீர்கள். துடைத்தவள் நான்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். டேப்பில் இடமே இல்லை, அந்த விளையாட்டை எடுத்துவிட்டால் பாப்பாவின் பாட வீடியோக்களுக்கு இடம் கிடைக்கும் என்றார் உங்கள் மகன். சரியென்று சார்ஜ் போட்டேன். எடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போமே என்று திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்படியே போயிற்று. பாப்பா என் போனில் படித்துக்கொள்ளட்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். எழுதினால்தான் எது முதலில், எது பிறகு என்று எனக்குப் பிடிபடுகிறது.

உத்திரமேரூரில் இன்ஜினியர் ஆபீஸில் நான் பிளான் வரைகிறவள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வீட்டைத்தான் கேட்பார்கள். முன்னால் வண்டி நிறுத்த இடம், ஹால், பக்கத்தில் இரண்டு அறை, மேலே மொட்டை மாடி, வாசலில் பளபளவென்று ஸ்டீல் கம்பி. நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாக வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த விளையாட்டு. கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டுவது. கல்லும் மரமும் அள்ள அள்ளக் குறையாது, மணல் விலையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நான் கட்டியதெல்லாம் ஐரோப்பாவில் மன்னர்கள் இருந்த காலத்து வீடுகள். கீழே கருங்கல், மேலே மரச்சட்டம் போட்ட வெள்ளைச் சுவர், செங்குத்தாக இறங்கும் கூரை. நீங்கள் முதன்முதலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இன்னா இது, ராஜா காலத்து வெள்ளக்காரன் வூடா? இத்த கட்டி யாருக்கு வாடகிக்கு வுடப்போற?"

பிறகு வரப்பில் வழுக்கி விழுந்து காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு படுத்தீர்கள். படுக்கையில் இருக்கிறவர்களுக்கு டிவிதான் கதி. அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். "எந்த சீரியல போட்டாலும் மாமியா வெசம் வெச்சிக்கினு கீறா. பாத்து பாத்து எனுக்கும் யோசன வந்துடும், நிறுத்து." பொழுது போகாமல் பேஜாராகிப் போன ஒரு மதியத்தில், என் டேப்பை உங்கள் மடியில் வைத்தேன். நான் போனில் அதே உலகத்துக்குள் வந்தேன். நீங்கள் முதலில் செய்தது, நான் ஒரு வாரமாகக் கட்டிய சுவரில் ஓட்டை போட்டது. "ஐயய்யோ, தெரியாம பட்டுடுச்சி" என்றீர்கள். தெரியாமல் பட்டது போலத் தோன்றவில்லை.

கற்றுக்கொடுத்தது நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அகலத்தை ஒற்றைப்படையில் வையுங்கள், அப்போதுதான் கூரையின் உச்சி நடுவில் வரும் என்றேன். சுவரைத் தட்டையாக விடாதீர்கள், மூலைத் தூணை ஒரு கட்டை வெளியே தள்ளுங்கள், ஜன்னலை ஒரு கட்டை உள்ளே இழுங்கள், நிழல் விழுந்தால்தான் அழகு என்றேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மூக்கு வெக்கணும்ன்ற. மூக்கு இல்லாங்காட்டி மூஞ்சி தோச மாதிரி கீது" என்றீர்கள். அதற்குமேல் நான் அந்தப் பாடத்தை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கூரை விஷயத்தில் நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்டதே இல்லை. சரிவுக் கூரை உங்களுக்கு ஆகாது. "இம்மாம் சரிவா வெச்சினா மொளகா எங்க காய வெக்கிறது? வடாம் எங்க போடறது?" அந்த உலகத்தில் மிளகாய் கிடையாது அத்தை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அழகான ஒரு மணிக்கூண்டு வீட்டின் மண்டையைச் சீவி மொட்டை மாடி போட்டு வைத்திருந்தீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை. இடித்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு போடவில்லை, நானே போட்டுக்கொண்டேன். மறுநாள் பின்பக்கம் தாழ்வாரம் இறக்கி, அதன் மேலே மட்டும் தட்டையாகக் கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினேன். "தோ, இத்த மொதல்லயே பண்றதுக்கின்னா?" என்றீர்கள். சமாதானம் ஆனோம்.

முதல் வீடு முடிந்ததும் நீங்கள் செய்ததைச் சொன்னால் அந்த விளையாட்டை உண்டாக்கியவர்களே நம்ப மாட்டார்கள். கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய் அதில் உண்டு என்று கண்டுபிடித்து, திருஷ்டிக்கு வாசலுக்கு மேலே மாட்டினீர்கள். மாடு நுழையாமல் புதுமனை புகுவதாவது என்று நின்றீர்கள். கையில் கோதுமையைப் பிடித்தால் மாடு பின்னாலேயே வரும் என்று சொன்னவள் நான். ஒரு மாடு என்று யார் சொன்னது? அக்கம்பக்கத்தில் மேய்ந்த மாடெல்லாம் வந்தன. ஹால் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, நீங்கள் நசுங்கிப்போய் ஒரு மூலையில் நின்றுகொண்டு, "யம்மா, ஓட்டுமே, அல்லாத்தியும் ஓட்டு!" என்று கத்தினீர்கள். மாவுக்கட்டுக் காலை ஆட்டி ஆட்டிச் சிரித்தீர்கள். கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்தில் உங்களோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏன் அதற்கு முன் சிரிக்கவில்லை என்றால், நமக்கு ஒரே அடுப்படி. நான் குழம்பு வைத்தால் மூடியைத் திறந்து நாலு கல் உப்பு போடுவீர்கள். பஸ் வந்து போன சத்தம் கேட்டதுமே வாசலில் நின்று, "பஸ்ஸு அப்பவே பூட்ச்சே, இம்மா நேரம் இன்னா பண்ண?" என்பீர்கள். கடையில் ஹேர்பின் வாங்கினேன் என்று விளக்கம் சொல்லிவிட்டு உள்ளே வருவேன். நீங்கள் கெட்டவரில்லை, நானும் இல்லை. எனக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான். உத்திரமேரூரில் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட வேண்டும் என்று இருந்தேன். உங்கள் மகனிடம் சொன்னேன். "அம்மாகிட்ட நீயே கேட்டுடேன்" என்றார். பிறகு மோட்டார் போட வேண்டும் என்று கழனிக்குப் போய்விட்டார். அன்று கரண்ட்டே இல்லை.

உங்களிடம் எப்படிக் கேட்பது? ஒரே பிள்ளை. மாமாவும் இல்லை. கால் சரியாகி நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கியிருந்தீர்கள். வாயைத் திறப்பேன், உப்பு டப்பா எங்கே என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். அந்த மாதம் விளையாட்டில் நான் ஒரு வீடு கட்டினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், குன்றுக்கு மேலே. இதுவரை கட்டியதில் அதுதான் நல்ல வீடு. புகைபோக்கியில் புகைகூட வரும். பாசி பிடித்த கல்லை ஆங்காங்கே கலந்து சுவருக்கு வயசு காட்டியிருந்தேன். ஜன்னல் கீழே பூந்தொட்டி. வேண்டுமென்று அங்கே போய்க் கட்டவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஆற்றை நீந்திக் கடந்து வந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். பிறகு டேப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டீர்கள்.

"அந்தாண்ட வந்து கட்டிக்கினு கீற."

"இடம் நல்லா இருந்துச்சு அத்தை."

"இந்தாண்ட எடம் இல்லியா?"

நான் போனை அணைத்தேன். நீங்களும் டேப்பை மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள்.

அடுத்த நாட்கள் நன்றாக இல்லை. குழம்பு மூடியைத் திறக்கவில்லை. வாசலில் நிற்கவில்லை. பஸ் விட்டு இறங்கினால் ஏன் லேட் என்று கேட்க ஆள் இல்லை. நான் கேட்டதெல்லாம் அதுதானே, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, "அவங்களுக்குத் தெரிஞ்சிபோச்சிம்மா" என்று அழுதேன். நீங்களோ மதியம் ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவீர்கள். "நீ இப்ப உள்ள வராத, நான் சொல்ற வரிக்கும் போன தொறக்காத" என்று மட்டும் சொல்லியிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டீர்கள். போனைத் திறந்தேன். பழைய வீடு இருந்த இடத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், உயரமாக ஒரு வீடு நின்றது. கீழே கருங்கல். மேல்மாடி ஒரு கட்டை தெருப் பக்கம் துருத்திக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக இருந்தது. கூரை சரிவாக இருந்தது! நீங்கள் போட்ட சரிவுக் கூரை! அகலம் மட்டும் இரட்டைப்படை, அதனால் உச்சி ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. வாசல் இரண்டு. புகைபோக்கி இரண்டு. மாடிக்குப் போகும் படியைச் சுவருக்கு வெளியே, தெருவிலிருந்தே ஏறுகிற மாதிரி வைத்திருந்தீர்கள்.

"கீய நானு. மேல நீ. உன் அடுப்பு உனுக்கு, என் அடுப்பு எனுக்கு. படி வெளில கீது பாரு, நீ எப்ப வர, எப்ப போறன்னு நான் பாக்க மாட்டேன். நீ கூப்டாம மேல ஏறவும் மாட்டேன். என் மாமியா இருந்த வரிக்கும் நான் ஒரு வா தண்ணி அவ கண்ணுல படாம குடிச்சதில்ல. அந்தப் பேஜாரு உனுக்கு வாணாம்." டேப்பை என் பக்கம் திருப்பிக் கேட்டீர்கள். "இது போதுமா, இல்ல ஆத்துக்கு அந்தாண்டதான் வோணுமா?"

போதும் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கூரை கோணலாக இருப்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்.

நிஜ வீட்டுக்கு மேலே மாடி எடுக்க நான்தான் பிளான் வரைந்தேன். படி ஏன் வெளியே என்று மேஸ்திரி கேட்டார், வாடகைக்கு விடப்போகிறோம் என்று நினைத்தார். சாலவாக்கத்திலிருந்து வந்த உங்கள் தங்கச்சி, "உசுரோட இருக்க சொல்லவே மருமவ பிரிச்சி உக்கார வெச்சிட்டாளா?" என்று வாசலில் நின்றே ஆரம்பித்தார். "என் வூடு, என் மாடி. உனுக்கு இன்னா போச்சி? நாஷ்டா துன்னியா, இல்லியா?" என்று நீங்கள் கேட்டதில் அவர் வாய் மூடியது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். மாடிப்படியில் கால் வைக்கவில்லை. கீழே நின்றுகொண்டு போன் போடுவீர்கள். "கருவாட்டுக் கொயம்பு வெச்சிகீறேன். வோணுமா, வாணாமா?" நான் இறங்கி வருவேன். வந்தால் உடனே ஏறியதில்லை. தனி அடுப்பு கிடைத்த பிறகு மேலே சமைத்ததைவிடக் கீழே உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தின்றதுதான் அதிகம். குழம்பில் உப்பு குறைவாக இருந்தால் உங்களிடமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

எனக்குக் காய்ச்சல் வந்து எழ முடியாமல் கிடந்தபோது ஒரே ஒருமுறை ஏறினீர்கள். கையில் கஞ்சிச் சொம்போடு நிலைப்படிக்கு வெளியே நின்று, "வரலாமா?" என்று கேட்டீர்கள். உங்கள் நிலத்தில், உங்கள் பணத்தில் எழும்பிய மாடியில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டீர்கள். நான் யாருடைய அறைக்குள் போனாலும், பாப்பாவின் அறையானாலும், வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். அது உங்களிடமிருந்து வந்தது.

பிறகு உங்களுக்கு நெஞ்சு வலி வந்ததும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், திரும்பி வந்த விதமும் எழுதத் தேவையில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் எனக்கு வாய் மரத்துவிட்டது.

கீழ் வீடு பூட்டியே கிடக்கிறது. வாடகைக்கு விடலாம் என்றார் உங்கள் மகன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒத்துக்கொண்டேன். பூட்டைத் தாண்டித்தான் தினமும் படியேற வேண்டியிருக்கிறது, யாராவது இருந்துவிட்டுப் போகட்டும். நேற்று மானாம்பதியிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள், கூடவே பையனின் அம்மா. அந்த அம்மா அடுப்படியில் நின்று குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நைஸாக வெளியே வந்து, என் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"மேல நீங்க மட்டும்தானாக்கா?"

"நாங்க மட்டும்தான்."

"தனிக் குடித்தனம்!" உள்ளே கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டது. "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. எப்டிக்கா சாதிச்சீங்க? சண்ட போட்டீங்களா?"

"இல்லம்மா. எங்க மாமியார் குடுத்தது."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அத்தை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.