உன் படகுக்கு அடித்த நீல பெயின்ட்

சோற்றில் கை வைத்தால் பெயின்ட் கரைக்கிற தின்னர் வாசனை வருகிறது. நகக்கண்ணில் ஏறிய நீல பெயின்ட்டைப் போக்கத் தேய்த்துப் பார்த்தேன். பெயின்ட் போகவில்லை, வாசனைதான் தங்கிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம். இறந்து போனவன்மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

உன் பாய்மரப் படகை விற்றுக்கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். வடகரைத் தென்னந்தோப்புக்குள் முட்டுக்கொடுத்து நிற்கிற படகை யாரிடம் விற்பது? விளம்பரம் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், "எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தென்காசிப் பக்கம் என்றால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

வளைகுடாவில் படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்த்தே வயதைக் கழித்தவன் நீ. உன்னோடு ஊர் திரும்பியவர்கள் மாடி வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள். நீ கொச்சிக்குப் போய், காற்றில் பாறையோடு மோதிக் கிடந்த இந்தப் பழைய படகை வாங்கினாய். கரையை ஒட்டியே ஊர் ஊராகப் போவதற்கானது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். அங்கேயே பட்டறையில் விட்டுச் சரிபார்த்திருக்கலாம். சொந்தத் தோப்பில் சொந்தக் கையால் பார்க்க வேண்டும் என்று ஆரியங்காவு வழியாக லாரியில் ஏற்றி வந்தாய். புளியரைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் லாரியைச் சுற்றி வந்து, "என்ன அண்ணாச்சி, சினிமா ஷூட்டிங்கா?" என்றார்.

"இல்ல சார். குத்தாலத்துல தண்ணி கூடிப்போச்சுன்னு சொன்னாக. அதான் கையோட கொண்டாரேன்."

அவர் சிரித்துக்கொண்டே தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்.

சரிபார்த்துத் தூத்துக்குடியில் இறக்கி, குமரியைச் சுற்றிக் கொச்சி வரை போக வேண்டும் என்பது உன் திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகை வேலை இல்லாத நான் வந்து தென்னை மட்டைக் குவியலில் உட்கார்ந்துகொண்டு ஏதாவது கேட்பேன். "ஏலே, இங்கயும் பேட்டியா?" என்பாய். ஆனால் பதில் சொல்லாமல் விட்டதில்லை. விரிசல் கண்ட இடத்தை அகலமாக உரசி, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாய். படகின் வயிறு முழுக்க வட்டங்கள். பெயின்ட் அடித்தால் என்ன என்று கேட்டதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாங்குதவன் வெரல் வச்சுப் பாக்கணும்லே. கடல்ல போயித் தெரிஞ்சுக்கிடதுக்குக் கரையிலயே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே."

சாரல் காலத்தில் ஒருநாள், கணவாய்க் காற்று தோப்புக்குள் வந்து மோதியபோது, பாயை ஏற்றிப் பார்த்தாய். படகு முட்டுக்கட்டைகளோடு சேர்ந்து முனகியது. பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வரப்பேறி வந்துவிட்டார்கள். "ஏட்டி, பாய் வீட்டுப் படகு பறக்கப் போவுது!" என்றாள் ஒருத்தி. "ஏறுங்க, தூத்துக்குடியில எறக்கி விடுதேன்" என்றாய். அன்று பாய் காற்றில் விம்மியதை நினைத்துத்தான் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பேசினாய். "ஓட்டுதவன் கையில குடுலே. வேடிக்கைக்கு நிக்க வச்சிராத."

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் ஐந்தருவிப் பக்கம் விடுதி நடத்துகிறவர் வந்தார். சுற்றுலாப் பயணிகள் உள்ளே உட்கார்ந்து ஜூஸ் குடிக்க, படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம் என்றார். "ஓரத்துல ஒரு வாசல் வெட்டிக்கிட்டாப் போதும்." உன் மனைவிக்கு அதில் மறுப்பில்லை. "அண்ணே, அது அங்கன நிக்கதைப் பாத்தாலே அவுக உள்ள இருக்காகன்னு தோணுது. யாரோ கொண்டுட்டுப் போகட்டும்" என்றாள். நான் கெஞ்சிக் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கினேன்.

ஒருவழியாகக் கொச்சியிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகப் படகு ஓட்டுகிறவர். அவர் வரும் அன்று காலை தோப்புக்குப் போனேன். படகு முழுக்க நீலம். கடையில் நிற்கும் புது பைக் போல மின்னியது. பக்கத்தில் உன் மச்சினன் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"எப்படி அண்ணாச்சி? ஷோரூம் கண்டிஷன்!"

தென்காசியில் பழைய பைக் வாங்கி விற்கிறவனுக்குத் தெரிந்த வழி அதுதான். சொட்டை விழுந்த இடத்தைப் பட்டி மாவால் அடைத்து, பெயின்ட் அடித்து, சீட்டுக்கு உறை மாட்டினால் வண்டி நகர்ந்துவிடும். அதே கையால் உன் வட்டங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டான். பாசத்தில் செய்தவனை என்னவென்று திட்டுவது? திட்டினேன். "பிஞ்சு போன எடத்தை வட்டம் போட்டுக் காமிச்சா எவன் வாங்குவான்?" என்று திருப்பிக் கேட்டான்.

கொச்சிக்காரர் வந்தார். படகைத் தொடக்கூட இல்லை. பெயின்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எந்தினா இப்போ அடிச்சது? அடியில் எந்து உண்டு?" எதை மறைக்க இந்தப் பெயின்ட் என்று கேட்கிறார். காருக்குத் திரும்பியவரை மறித்துக்கொண்டேன். மறைக்கவில்லை, ஒட்டுப் போட்ட இடங்களை நான் சொல்கிறேன் என்றேன். நீலத்தின்மேல் கை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். இங்கே முட்டுக்கு மேலே ஒரு சாண் அகலம். இங்கே மூக்குப் பக்கம் நீளவாக்கில். அவர் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார்.

"நிங்ஙள் படகு ஓட்டுமோ?"

"இல்ல. பேப்பர்ல எழுதுறவன்."

"எல்லாம் சுரண்டி எடுத்து, படம் அனுப்பூ. பின்னே நோக்காம்." அப்புறம் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

ஐந்தருவிக்காரரின் லாரியை இந்த வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டாள் உன் மனைவி. அதற்குள் சுரண்டி முடிக்க வேண்டும். பட்டித் தகடும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு நானும் உன் மச்சினனும் இறங்கினோம். பெயின்ட்டோடு பென்சில் கோடுகளும் உரிந்து வந்துவிட்டன. ஒட்டின் நிறம் தெரிந்த இடங்களில் புதிதாக வட்டம் போட்டேன்.

சுக்கானுக்குப் பக்கத்தில் வந்தபோது கை நின்றது. அங்கே ஒட்டின் அடையாளமே இல்லை, அவ்வளவு வழவழப்பு. ஆனால் காய்ச்சலோடு நீ வேலை பார்த்த கடைசி ஞாயிறு, அந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "இது எனக்கே திருப்தி இல்லலே. பிரிச்சுத் திரும்பச் செய்யணும்" என்று சொன்னாய். அதைக் காதால் கேட்டவன் நான் மட்டும்தான்.

மச்சினன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "அண்ணாச்சி, அதை மட்டும் விட்டுருங்க. தெரியவா போவுது? அவரு வேண்டாம்னுட்டா ஜூஸ் கடைதான்."

அவன் சொன்னது சரி. உன் ஆசை நிறைவேற வேண்டுமென்றால் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். வட்டம் போட்டேன். படம் எடுத்து, நீ சொன்னதையும் கீழே எழுதி, கொச்சிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார். இன்னும் பதில் இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை. ஓட்டுகிறவன் கையில் கொடு என்றதும் நீ, எதையும் மறைக்காதே என்றதும் நீ. இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டாய்.

பதில் வராமல் லாரி வந்துவிட்டால் நானே கூட நின்று ஏற்றிவிடுவேன். அந்த வட்டத்தை மட்டும் அழிக்க மாட்டேன்.