அப்பா கையில் விலங்கு

பாறசாலை,
20-2-1956

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெயதாஸுக்கு அக்கா சுகிர்தபாய் எழுதுவது. நாகர்கோவில் கூட்டங்களுக்கு நடுவே ஒரு இடத்தில் உட்கார்ந்து இதை வாசி.

அப்பா பிழைத்துவிட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே. போன வாரம் அவர் சாகத் துணிந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தாணுமாலயன் அண்ணன் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பாவைக் கட்டிலோடு விலங்கு போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள்! எழுபது வயது மனுஷன் எங்கே ஓடிவிடுவார் என்று கேட்டேன். சாகப்பார்த்தது குற்றமாக்கும், கேஸ் உண்டு என்றார் போலீஸ்காரர்.

குற்றமாம்! அம்மா போனபிறகு உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்று இதே ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை நடந்தார். வயசானால் இப்படித்தான் பாட்டா என்று குப்பியில் மருந்துத்தண்ணி ஊற்றி அனுப்பினார்களே, அவர்கள்மேல் கேஸ் இல்லையா?

உபதேசியார் வந்தார். ஜெபம் பண்ணுவார் என்று நினைத்தேன். இது மன்னிப்பில்லாத பாவம் என்று அப்பா காதுபடச் சொன்னார். எழுந்து போங்கள் என்றேன். சபை என்னை விலக்கினாலும் சரி.

புதிதாக வந்த லேடி டாக்டர் ஷியாமளாதான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மலையாளத்தில் கேட்க, அப்பா தமிழில் சொன்னார். அழுதார் தம்பி. அம்மா அடக்கத்தில்கூட அழாத மனுஷன். இது நோய், மருந்தும் துணையும் இருந்தால் மாறும் என்றார் டாக்டர். விலங்கைக் கழற்றாமல் வார்டைவிட்டுப் போகமாட்டேன் என்று நின்றார். கழற்றினார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார், உறங்குகிறார். வாரந்தோறும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கேஸ் மட்டும் போகவில்லை.

நம்ம ஊர் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நீங்கள் நிற்கிறீர்கள். சேரட்டும். ஆனால் எல்லை எந்தப் பக்கம் விழுந்தாலும் இந்தச் சட்டம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. நீ எழுதும் மனுக்களில் இதையும் சேர்த்துக்கொள்: சாக நினைக்கும் வயசானவர்களுக்கு விலங்கு வேண்டாம், வைத்தியம் வேண்டும். யாராவது சிரித்தால், அவர்களுடைய அப்பாக்கள் உறங்குகிறார்களா என்று கேள்.

மத்தியான பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அப்பா வாசலுக்கு வருகிறார். நேற்று அவராகவே, அவனுக்கு அங்கே வேலை அதிகமாக்கும், இல்லியா மக்கா என்றார். வாறான் அப்பா என்று சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. என் வாக்கை நீ காப்பாற்று.

உன் அக்கா
சுகிர்தபாய்