பரீட்சைக்கு ஒரு தேதி

வெள்ளிக்கிழமை இரவு

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "அப்பா இன்னும் எவ்ளோ நாள் தாங்குவாரு சார்?" என்று கேட்டேன். "இந்த மாசத்தைத் தாண்டுறது கஷ்டம்மா" என்றார். பக்கத்தில் நின்ற தம்பி அழுதுவிட்டான். "உனக்குதான்கா அப்பா மேல உசுரு" என்றான்.

நான் கேட்டது பரீட்சைக்காக. பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு ஒரு வருஷமாகப் படிக்கிறேன். மாதக் கடைசியோடு பாடத்திட்டம் மாறுகிறது. அதற்குள் எழுதாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? சீ, என்ன ஜென்மம் நான்.

வார்டுக்குள் போனேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். படுக்கையிலும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சைக்குத் தேதி வாங்கிட்டியாமா?"

"அதுக்கு இன்னாபா இப்போ அவசரம்?"

"நான் பூட்டா, காரியம் முடியிற வரைக்கும் உன்னை வெளிய வுட மாட்டாங்க. முன்னாடியே எழுதிடு."

அவர் எதிரிலேயே போனில் பதிவு செய்தேன். வரும் வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்தது. சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

"சரிமா. அதுவரைக்கும் போவாம நான் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

மாதக் கடைசி நாளிலும் இடம் இருந்தது. அந்தத் தேதியை அவரிடம் சொல்லியிருக்கலாம்.