சிவப்பு நூல் கட்டிய பாஸ்புக்குகள்

இன்று காலை பால் காய்ச்சுவதற்கு முன்பே, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த உன் காக்கிப் பையை இறக்கினேன். திறந்ததும் மை வாசனை. அடியில் காய்ந்த முருங்கை இலைகள். நீ கண்ணை மூடி இருபது நாளாகிறது.

பையை நேற்று உன் கணவர் கொண்டுவந்தார். "இந்த பாஸ்புக்கெல்லாம் வூடு வூடா குடுத்துடுங்கம்மா. வச்சிகினு நான் என்ன பண்றது?" என்றார். அவருக்குச் சிவப்பு நூலைப் பற்றித் தெரியாது.

ஒரே கல்லூரியில் படித்து, இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்கில் குடிவந்தோம். நான் வீட்டோடு இருந்துவிட்டேன். நீ தபால் ஆபீஸ் சேமிப்புக்கு ஏஜெண்ட் ஆகி, கான்ட்ராக்ட் தொழிலாளிகள் குடியிருக்கும் தெருக்களில் மாதாமாதம் நடந்தாய். நிதிக் கம்பெனி ஒன்று பூட்டிக்கொண்டு போன சமயம் அது. பணம் என்றால் யாரும் யாரையும் நம்பவில்லை. நீ வாசலில் நின்று சொல்வாய்: "இங்க பூமிக்கடியில நிலக்கரி இருக்குதுன்னு யாருக்கும் தெரியாத காலத்துலயே போஸ்ட் ஆபீஸ்ல பாஸ்புக் இருந்துச்சுக்கா. வெள்ளைக்காரன் போனான், அது போவல. கவருமெண்டு பொறுப்பு."

கணவனுக்குத் தெரியாமல் பணம் கட்டும் பெண்களின் பாஸ்புக்கில் சிவப்பு நூல் கட்டி உன் பையிலேயே வைத்துக்கொள்வாய். அந்த வீடுகளுக்குக் கீரைக் கட்டோடுதான் போவாய். கீரைக்குக் காசு வாங்கினால் யாருக்குச் சந்தேகம்? "அஞ்சல, உன் கீரக்கார மேடம் வந்துட்டாங்க பாரு" என்று அஞ்சலையின் கணவனே கூப்பிடுவான். "கட்டு வர வர சின்னதா போவுதே மேடம்" என்று கிண்டலும் செய்வான்.

உனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மாதம் நான் போனேன். நூலைப் பற்றி நீ சொல்லித்தான் அனுப்பினாய்; நான் கவனிக்கவில்லை. அஞ்சலை வாசலில் பாஸ்புக்கை விரித்து, சேர்ந்திருந்த மொத்தத்தையும் உரக்கப் படித்தேன். நைட் ஷிப்ட் முடித்த கணவன் உள்ளே படுத்திருந்தான். மகளின் நர்சிங் படிப்புக்கென்று அவள் நான்கு வருஷம் சேர்த்தது, அவனுக்கு ஒரு பைக்காகப் போயிற்று.

நீ என்னைத் திட்டவில்லை. சில மாதம் கழித்து, நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டபடி, "அவ மறுபடியும் ஆரம்பிச்சிட்டாடி. பைக்கோட கணக்கு முடிஞ்சிதுன்னு அவன் நெனச்சிட்டிருக்கான்" என்றாய். அந்தப் பாஸ்புக் இப்போது என் மடியில் இருக்கிறது. இதோடு சிவப்பு நூல் ஏழு.

அஞ்சலையிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா மேடம்" என்பாள். தலையாட்டிவிட்டு நடந்துவிடுவேன்.

வீடு வீடாகக் கொடுத்தால் ஏழு பேருக்கும் அதே கதிதான். நான் கொடுக்கப்போவதில்லை. ஏஜெண்ட் ஆக என்னென்ன காகிதம் வேண்டும் என்று உன் பழைய விண்ணப்ப நகலைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பிறகு பின்பக்க முருங்கையில் கீரை ஒடித்துக் கட்டி வைத்தேன். முதலில் அஞ்சலை வீடு.

என் கணவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். "என்ன, ரெண்டு கட்டு?"

"ஒண்ணு நமக்கு" என்றேன்.