ராத் தங்காத சம்பந்தி

அகதிகள் முகாம்
6 ஜூலை 2025

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீயும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். போனில் கதைத்தால் என் செவிட்டுக் காதுக்குப் பாதி விளங்குவதில்லை. நீ கத்த, உன் வீட்டார் திரும்பிப் பார்ப்பார்களே என்று எனக்கும் பதறுகிறது. அதனால் வழக்கம்போல உன் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுகிறேன். டீச்சருக்குக் கடிதம் வந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

இங்கே ஒரு பெரிய அமளி. பெயிண்ட் அடிக்கிற துரைராசு, எங்கள் வரிசையில் கடைசி வீடு, ஞாபகமா? அவன் மனைவிக்கு மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தையைப் பார்க்காமல் எப்படி வருவது என்று நின்றவன், மாலைக் கணக்கெடுப்புக்குத் தவறிவிட்டான். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை. பிள்ளை பிறக்கத் தாமதமாகி, பார்க்காமலே திரும்பி வந்தவனை ஸ்டேஷனில் விடியும் வரை உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளையின் முகத்தைத் தூக்கம் கெட்ட கண்ணோடு மறுநாள் போய்ப் பார்த்தான்.

அந்த ரோஷத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறான். வெளியே ஓர் இரவு தங்க வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போக விட வேண்டும்; தங்கப் போகிற வீட்டுக்குப் போலீஸ்காரர் போய் விசாரித்த பிறகுதான் அனுமதி என்பதை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். கலெக்டருக்கு அனுப்பி, பத்திரிகைக்கும் ஒரு நகல் கொடுப்பதாக யோசனை.

கோயிலடியில் கூட்டம் போட்டோம். பரமேஸ்வரி அக்கா எழும்பி, "இருக்கிறதையும் பறிச்சுப்போடுவாங்கள், வாயை மூடிக்கொண்டு கிடவுங்கோ" என்றார். "நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?" என்று துரைராசு கேட்டான். இரண்டு பக்கமும் சத்தம். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேப்பர் வாசித்துச் சொல்கிறவன் என்பதால் எனக்குச் சட்டமும் தெரியும் என்று ஒரு நினைப்பு.

துரைராசு என் பக்கத்தில் வந்து குந்தி, "அண்ணை, உங்கட கதையை எழுதுங்கோ. மகள் வீட்டிலை ஒரு ராத்திரி தங்க ஏலாத மனுசன் எண்டு எழுதினால் போதும்" என்றான். உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய், பிள்ளை?

அன்புடன் அப்பா,
தவராசா


திருவிடைமருதூர் பக்கம்
13 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பாப்பா நலம். முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவர் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறார். உங்களைக் கேட்டார்.

அப்பா, தயவுசெய்து அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். என் கதையை எழுதாதீர்கள்.

புது வீடு முடிந்துவிட்டது. ஆவணியில் புகுவிழா. மாமாவின் அப்பா எந்த மிராசுதார் வயலில் கூலிக்கு நின்றாரோ அந்த நிலத்திலேயே ஒரு துண்டை வாங்கி மாமா கட்டியிருக்கிறார். விடியற்காலையில் பால் காய்ச்சுகிறோம். அதனால் சம்பந்தி சீரோடு முதல்நாளே வந்து தங்குவதுதான் முறை. மாமா போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உங்கப்பாகிட்ட சொல்லிடும்மா. இந்தத் தடவ ராத் தங்கினாத்தான் சம்பந்தி. கல்யாணத்துக்கும் பொழுது சாயறதுக்குள்ள ஓடினாரு, பாப்பாவுக்குக் காது குத்துனப்பவும் ஓடினாரு. நம்ம வீட்டுல படுத்தா ஒடம்புல ஒட்டிக்குமா?"

உங்களுக்குப் புரிகிறதா, அப்பா? நீங்கள் சாதி பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள். அம்மா நிலபுலக்காரர் வீட்டுப் பெண் என்று தெரியும். நீங்களும் அந்த மாதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிங்கப்பூரிலிருக்கிற அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். மாமாவிடமும் அத்தையிடமும் சொல்லிவிடலாம் என்று அவர் கேட்கும்போதெல்லாம் பிறகு, பிறகு என்று தள்ளியது நான்தான்.

அனுமதி கேட்டு எழுதினால் காக்கிச் சட்டை இந்த வாசலில் வந்து நிற்கும். தவராசா என்று ஓர் அகதி இங்கே வருகிறாரா என்று கேட்கும். இந்தத் தெருவில் ஒரு சைக்கிள் நின்றாலே நாலு வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். அம்மா இந்த மண்ணில் பிறந்தவள் என்பதால் எனக்கு ஓட்டு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, அம்மாவின் ஊரையே உங்கள் ஊராகச் சொல்லி, நான் ராமநாதபுரத்துக்காரர் மகளாகவே இருந்துவிட்டேன். சாதி பார்க்கிறவர் என்று உங்களைத் திட்டும்போதுகூட நான் மறுத்துப் பேசவில்லை. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் மகள்
கயல்விழி


முகாம்
2 ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கண்டேன். நீ சொன்னபடியே செய்துவிட்டேன். இனி அதை நினைத்து மனதைக் குழப்பாதே.

கூட்டத்தில் எழும்பி, எனக்கு இதில் விருப்பமில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். உன் பெயரை இழுக்காமல் என்ன காரணம் சொல்வது? சும்மா நின்றேன். பேசாமல் நின்றதைத்தான் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். தவராசா அண்ணை பேப்பரில் ஏதோ பார்த்திருக்கிறார், ஆபத்து என்று தெரிந்துதான் விலகுகிறார் என்று ஒரு கதை கிளம்பிவிட்டது. முதலில் கையெழுத்து வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை வெட்டச் சொன்னார்கள். துரைராசு வெட்டிக்கொண்டே இருந்தான். பிறகு பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறான். அவனுக்கு எழுத்துப் பழக்கினது நான்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. அது என்னோடு போகட்டும். புகுவிழாவுக்குச் சீர் வாங்கிவிட்டேன். நான் கணக்கெழுதுகிற அரிசி ஆலைக்காரர் கும்பகோணத்தில் தெரிந்த கடையைச் சொன்னார். பெரிய பித்தளை அண்டா, உன் மாமியாருக்குச் சேலை, சம்பந்திக்கு வேட்டி. முதல்நாள் வந்து கொடுத்துவிட்டு, ஆலையில் அவசரம் என்று சொல்லித் திரும்பிவிடுகிறேன். நீ அதற்கு ஆமாம் போட்டால் போதும்.

அப்பா


திருவிடைமருதூர் பக்கம்
31 ஆகஸ்ட் 2025

அப்பா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கணக்கெடுப்புக்குள் போய்விட்டீர்களா? அதைக்கூட அன்றைக்கு என்னால் கேட்க முடியவில்லை.

மாமா பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டது உங்கள் காதில் முழுக்க விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். "பாத்திரம் மட்டும் எங்க வீட்டுல தங்கலாம், பாத்திரம் கொண்டாந்தவரு தங்கக் கூடாதா?" என்றார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நீங்களும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தீர்கள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் இலைக் கட்டை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆலையில் அவசரம் என்றுகூட நான் சொல்லவில்லை, அப்பா. அதுவும் வாயில் வரவில்லை. நீங்கள் தெருமுனை வரை தனியாக நடந்து போனீர்கள். பாப்பா உங்கள் பின்னால் ஓட, நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். உங்களோடு பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். பெற்ற அப்பாவை வழியனுப்பப் பயந்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று ராத்திரியிலிருந்து மாமா அந்த அண்டாவைப் பார்த்துப் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கயல்


முகாம்
14 செப்டம்பர் 2025

அன்பு மகள் கயலுக்கு,

உன்னைத் திட்ட என்ன இருக்கிறது. ஆனால் நடந்த ஒன்றை நீ உடனே தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று உன் மாமனார் இங்கே வந்தார். என்னைத் தேடி ஆலைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர்கள், "அவரு முகாம்லதான் இருப்பாரு" என்று வழி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு சாக்கு. அதற்குள் அண்டா. சீரைத் திருப்பிக் கொடுத்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்.

அவர் வந்த நேரம் கணக்கெடுப்பு. நாங்கள் வரிசையில் நிற்கிறோம். பெயர் கூப்பிடக் கூப்பிடக் கையைத் தூக்கி "இருக்கிறன் ஐயா" என்று சொல்ல வேண்டும். முகாம் வாசலுக்குப் பக்கத்தில் சாக்கோடு அவர் நிற்பதைக் கண்டேன். அவரும் என்னைக் கண்டுவிட்டார். என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்திக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற பரமேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். சம்பந்தியின் கண்ணுக்கு முன்னால், பிள்ளை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

எல்லாம் முடிந்து கிட்டப் போனேன். "என்ன சம்பந்தி இது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நாங்கள் படகில் வந்தது, இங்கே உன் அம்மாவைக் கட்டினது, இந்த வரிசை, எல்லாம். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "கயலுக்கு எல்லாம் தெரியும்ல? ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்றார். அவள் சொல்லத்தான் துடித்தாள், நான்தான் சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கினேன் என்றேன். நீயும் அப்படியே சொல்லிவிடு. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் உனக்கு அந்த வீட்டில் தலைகுனிவு வராது.

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். அதற்குள் காவலுக்கு நின்றவர் வந்து, இருட்டிய பிறகு வெளியாள் இருக்கக் கூடாது என்றார். சம்பந்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். சாக்கைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்று விடியத் துரைராசு வீட்டுக்குப் போய் மனுவைக் கேட்டேன். உள்ளே வாங்கோ என்று அவன் சொல்லவில்லை. வாசலில் வைத்தே பேப்பரை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். உன் வீட்டு விஷயத்தை எழுதவில்லை. செவிடன் ஒருவன் தன் பெயர் கேட்காமல் வரிசையில் நிற்பதை எழுதினேன். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். அவர்களைப் பயப்படுத்தினதே நான்தானே, யாரைக் குறை சொல்ல?

அன்புடன் அப்பா


திருவிடைமருதூர் பக்கம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபாவளிக்கு இங்கே தங்க அனுமதி கேளுங்கள் என்று முன்பு ஒரு கார்டில் ஒற்றை வரி எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யை நான் சொல்லவில்லை, அப்பா. உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் மாமாவே கேட்டார். "சத்தியம் வாங்கினதா உங்கப்பா சொன்னாரு. நெசமா?" தலையை ஆட்டினால் போதும், முடிந்திருக்கும். ஆட்டத்தான் போனேன். ஆனால் அவர் என் முகத்தை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை மாமா, அப்பாவைப் பேசவிடாமல் வைத்திருந்தது நான்தான், எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அகதின்னா என்னம்மா, எங்கள ஊரு வச்சிருந்ததுக்கு அது மோசமா? நான் அவரப் போயி சாதி பாக்குறவருன்னு ஊரெல்லாம் சொன்னேனே. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?" என்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. காப்பி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். அது எனக்கு வேண்டியதுதான்.

நேற்றுப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். சனிக்கிழமை, பட்டப்பகல். குறுவை அறுத்த நெல்லைத் தெருவில் காயப்போட்டிருந்ததால் எல்லா வீட்டு ஆட்களும் வெளியேதான் நின்றார்கள். வண்டியை நெல்லுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு அங்கிருந்தே உரக்கக் கேட்டார்: "தவராசாங்கற சிலோன்காரரு தங்க வர்ற வீடு இதானா? உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "எங்கப்பா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "எங்கப்பாங்க, பெத்த அப்பா" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அத்தை அவருக்கு மோர் கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு, "ஒரு ராத்திரிதான் கேட்டிருக்காரு, சரிதானே?" என்றார். மாமா உள்ளே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நேரம் வெளியே வரவில்லை. அங்கிருந்தே குரல் வந்தது: "ரெண்டுன்னு போட்டுக்கச் சொல்லு, வேம்பு."

அத்தையிடம்தான் சொன்னார். என்னோடு இன்னும் பேசவில்லை. நீங்கள் வாருங்கள், அப்பா.

உங்கள் மகள்
கயல்விழி